பாயின் பொறுமை

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்துல் கபாரின் மளிகைக் கடை. ஓர் அம்மாள் பத்து நிமிடமாகப் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த விஜயராஜுக்கு ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“எதையாவது எடுத்துகினு வழி விடுங்கக்கா.”

“வயித்தைச் சின்னதாக்கி ஆபரேஷன் பண்ண ஆளுக்கு வாங்கறேன் தம்பி. புரோட்டீன் வேணும், சர்க்கரை ஆவாது. திருட்டுத்தனமா இனிப்பு தின்னு போன வாரம் மயங்கி வுழுந்தாச்சி.”

“அதான் புரோட்டீன் பிஸ்கட்டுன்னு போட்டிருக்கே!”

“பேருதான் புரோட்டீன். பின்னாடி படிங்க, மொதல்ல இருக்கறதே சர்க்கரை.”

கல்லாவில் உட்கார்ந்திருந்த கபார் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

“இந்தப் பாடு படுத்தறீங்க. பாய் பாவம், வாயே திறக்கல. அவரு பொறுமை யாருக்கு வரும்?”

அந்த அம்மாள் வறுத்த கொண்டைக்கடலைப் பாக்கெட்டைக் கல்லா மேல் பொத்தென்று போட்டார்.

“இருபத்தாறு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன். ஏன் வாயத் திறக்கலன்னு எனக்குத் தெரியாதா?”

பாயின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார்.

“ஆபரேஷன் ஆன வயிறு உங்களுது. துப்புங்க அந்தக் கடலை மிட்டாயை!”