புல்தரைத் திட்டம்

இதனால் இவ்வீட்டார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், முட்டளவு களை மண்டிக் கிடக்கும் முன்பக்கத் தோட்டம் இன்று முதல் புல்தரையாக மாறுகிறது. அறிவித்தவர் ஒரு கம்பெனியின் துணைப் பொது மேலாளர். இடம், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. பெருந்திரளாகக் கூடியிருந்தவர்கள், மனைவியும் அப்பாவும்.

"முதல் கட்டம், களை எடுக்கிறது. அது அப்பா பொறுப்பு. ரெண்டாம் கட்டம், புல்லு விதைக்கிறது. மூணாம் கட்டம்..." மேலாளர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அப்பா முதியோர் இல்லத்துக்குப் போறார். அவர் ரூம் எனக்கு ஆபீஸ் ரூமாகுது."

அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்பப்பா?" என்றார்.

"அவசரமே இல்லப்பா. களை தீர்ற வரைக்கும் தாராளமா இங்கேயே இருங்க. நான் என்ன கல்நெஞ்சக்காரனா?"

மறுநாள் விடிந்ததும் அப்பா மண்வெட்டியும் கையுமாகத் தோட்டத்தில் இறங்கிவிட்டார். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, மதில் ஓரமாகக் குவித்தார். வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை.

"இந்த வயசுல என்ன சுறுசுறுப்பு!" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார்.

தன்னை அனுப்பிவைக்கும் வேலையை இத்தனை சிரத்தையாகச் செய்கிற ஆளை மேலாளரும் பார்த்ததில்லை. ஆபீசில் இப்படி நாலு பேர் இருந்தால் ஆட்குறைப்பு எவ்வளவு சுலபம் என்று பெருமூச்சு விட்டார்.

தரை சுத்தமானது. விதை தூவினார்கள். பச்சைப் பஞ்சு மாதிரி புல் கிளம்பியது. கூடவே களையும் கிளம்பியது.

மேலாளர் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து, அப்பாவைச் சேர்க்கும் தேதியைத் தள்ளிவைத்தார். அப்பா மறுபடி குனிந்தார். பிடுங்கப் பிடுங்க முளைத்தது.

நர்சரிக்காரர் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "பழைய விதை உள்ளேயே கிடக்கும் சார். மருந்து அடிச்சா ஒரே வாரத்துல க்ளீன்."

"ஐயோ, மருந்தா? பிஞ்சுப் புல்லு கருகிடும்ப்பா" என்று அப்பா பதறினார். "எத்தனை நாளானாலும் நானே கையால எடுத்துடறேன்."

"பாத்தீங்களா, இதுக்குப் பேருதான் ஈடுபாடு" என்று நர்சரிக்காரருக்கு வகுப்பெடுத்து அனுப்பினார் மேலாளர்.

மனைவிக்கு மட்டும் ஒரு குறை. "என்னங்க, மாமா சட்டையைத் துவைக்கவே முடியல. வாக்கிங் போயிட்டு வந்தா பாக்கெட் பூரா தூசி தும்பு. மெஷின் அடைச்சுக்குது."

"இந்த மாதிரி சில்லறை விஷயத்தையெல்லாம் மேலிடத்துக்குக் கொண்டு வராதே."

அன்று ஒரு மீட்டிங் ரத்தாகி, மேலாளர் மத்தியானமே வீடு திரும்பினார். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

புல்தரை நடுவில் அப்பா முதுகு காட்டி நின்றிருந்தார். கை சட்டைப் பைக்குள் போவதும், வெளியே வந்து வீசுவதுமாக இருந்தது. புறாவுக்குத் தீனி போடுகிறார் போலும் என்று பார்த்தால், புறா ஒன்றையும் காணோம். காற்றில் பறந்து தன் காலடியில் விழுந்ததை மேலாளர் பொறுக்கிப் பார்த்தார். காய்ந்த களை விதை.

"என்னப்பா பண்றீங்க?"

அப்பா திடுக்கிடவில்லை. பையை வெளியே இழுத்து, ஒட்டியிருந்ததையும் உதறிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

"களை தீர்ற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்னு நீதானேப்பா சொன்னே?"