டூ ஸ்ட்ரோக்தான் வேணும்

“என் புருசன் பொய் சொல்றாருன்னா சொல்றீங்க?”

நித்தியா போட்ட சத்தத்தில், பத்தாங் காலி ஊர் வண்டிப் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டறைக்காரர் உமாபதி கையிலிருந்த பிஸ்டனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு பக்கம் முழுக்கக் கீறிக் கிடந்தது. “நீயே பாரும்மா. டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோல்லயே எண்ணெய் கலந்து ஊத்தணும். வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டுனா இப்படித்தான் இன்ஜின் ஜாம் ஆகும். மூணு மாசத்துல இது ரெண்டாவது தடவை!”

“கலந்தேன்ணே! என் கையால அளந்து கலந்தேன்!” அவள் புருஷன் முகுந்தன் இடது கையால் மேசையைக் குத்தினான். வலது கையை ஓங்க முடியாது. போன வருஷம் குவாட் ரேஸில் அந்த நாலு சக்கர பைக் கவிழ்ந்து, தோளில் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். “சனிக்கிழமை சாயந்திரம் கலந்து பிளாஸ்டிக் தோங்குல ஊத்தி மூடி வெச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில வண்டிக்கு ஊத்துனேன். வீட்டுக்கிட்டயே சூடு பண்றப்போ செத்துப் போச்சு. நீங்க கொடுத்தது ஓட்டை வண்டி, அதான் சங்கதி!”

“என் வண்டியா ஓட்டை?” உமாபதிக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “நீ வண்டி பார்த்துக்கிற லட்சணம்தான் தெரியுதே! வெளியே நிக்கிற உன் பொண்டாட்டி மோட்டார் சைக்கிளு, வரும்போதே எண்ணெய்ப் புகையா கக்கிட்டு வந்துச்சு.”

“நல்லா கேளுங்கண்ணே!” நித்தியா சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள். “ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அப்படித்தான் புகையுது. குவாட்டைக் கட்டிக்கிட்டு அழறவருக்கு என் மோட்டாரைப் பார்க்க எங்க நேரம்?”

“இப்ப இதுதான் ரொம்ப முக்கியமா?” என்று முகுந்தன் பல்லைக் கடித்தான்.

அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இந்த ஞாயிறு கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பெரிய ரேஸ். போன இரண்டு ரேஸுக்கும் வண்டி இல்லாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டிவிட்டு வந்தான். ராசா ஊரிலிருந்து ரேஸ் ஓட்ட வரும் சிவநேசன் வேறு, “என்னலா, வண்டிக்கு மாலை போட்டு வீட்டுல வெச்சுக் கும்பிடுறியா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவையும் ஓட்டாவிட்டால் அந்த ஆள் முகத்தில் முழிக்கவே முடியாது.

உமாபதி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்பக்கம் கூட்டிப்போனார். பழைய ரேஸ் குவாட் இரண்டு விற்பனைக்கு நின்றன.

“இது டூ ஸ்ட்ரோக். முறுக்குன உடனே பாயும். ஆனா மறக்காம எண்ணெய் கலக்கணும். அது ஃபோர் ஸ்ட்ரோக். கொஞ்சம் கனம். எண்ணெய் இன்ஜினுக்குள்ளேயே தனியா இருக்கு, பெட்ரோலை அப்படியே ஊத்தி ஓட்டலாம். உன்னை மாதிரி மறதிக்காரனுக்கு அதான் லாயக்கு.”

“யாருண்ணே மறதிக்காரன்?” என்று முகுந்தன் எகிறினான். ஆனாலும் கால் என்னவோ ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம்தான் போனது. ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்தான். திணறாமல் உறுமியது. “சரி, போய்த் தொலையுது. இதையே எடுத்துக்கிறேன்.”

“அது வேணாம்!” என்றாள் நித்தியா. “டூ ஸ்ட்ரோக்தான் வேணும்.”

“உனக்கு என்னடி தெரியும்?”

“ஏன் தெரியாது? டூ ஸ்ட்ரோக் மாதிரி வராதுன்னு வீட்டுல வாய் ஓயாம பேசுனது யாரு? இவரு ஒரு வார்த்தை மறதிக்காரன்னுட்டா, உடனே பயந்துக்கிட்டுக் கனமான வண்டியைத் தூக்கிட்டு வருவீங்களா? அந்த சிவநேசன் சிரிக்க மாட்டாரு? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?”

ரோஷம் என்று சொல்லிவிட்டால் போதும், முகுந்தனுக்குக் கண் மண் தெரியாது. வண்டியிலிருந்து குதித்து இறங்கினான்.

“பார்த்தீங்களாண்ணே? என் பொண்டாட்டிக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இல்ல. டூ ஸ்ட்ரோக்கையே எடுத்து வைங்க. லோரி கொண்டாறேன்!” மோட்டாரை உதைத்து, புகையோடு புகையாகப் போய்விட்டான்.

உமாபதி தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்மா, நல்லதுக்குத்தானே சொன்னேன்? மறுபடியும் இன்ஜின் ஜாம் ஆனா அவன் வந்து என் கழுத்தைத்தான் பிடிப்பான். புருசனுக்கு மேல நீ ஒத்தக்கால்ல நிக்கிறியே, ஏன்?”

நித்தியா ரோட்டைப் பார்த்தாள். முகுந்தன் போய்விட்டான் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

“மூணு மாசம் அவருக்குச் சோறு ஊட்டி, சட்டை மாட்டிவிட்டது நான்தாண்ணே. இன்னொரு தடவை என்னால ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார முடியாது.”

“சரிம்மா, அதுக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் வேணாங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதை எப்படிக் கெடுக்கிறதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே.”