பஞ்சில் சிக்கிய முள்

எல்கடுவ தேயிலைச் சரிவில் வெயில் ஏறுகிறது. மலைச் சைக்கிள் போட்டி தொடங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. மதுராவின் முன்சக்கரத்து டயரைக் கழற்றி, அதன் உட்புறம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பார்க்கிறாள் சிவதர்ஷினி. விரலுக்குத் தப்பிய முள்ளும் பஞ்சில் சிக்கிவிடும். போன வருடம் இதே போட்டியில் ஒரே ஒரு சக்கர இடைவெளியில் சிவதர்ஷினியை வென்றவள் மதுரா. "அக்கா பார்த்துட்டா பஞ்சரே ஆகாது," என்று சப்பாத்து நாடாவை இறுக்கியபடி சிரிக்கிறாள் அவள். பஞ்சு சிக்குகிறது. தேசிமரத்து முள்ளொன்றின் கறுத்த நுனி தெரிகிறது. அதில் ஒட்டிய பஞ்சிழைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கிறாள் சிவதர்ஷினி. முள்ளை அப்படியே விட்டுவிடுகிறாள். டியூபைப் பொருத்திக் காற்றடித்து, சக்கரத்தைப் பூட்டிச் சுழற்றுகிறாள். கம்பிகள் வெயிலில் மின்னுகின்றன. "சுத்தமா இருக்கு தங்கச்சி. இறக்கத்துல பிரேக்கே பிடிக்காம போ."