ஒரு ஆள் குறையுது

“கடைக்குப் போயிருக்கார்னுதாங்க சொன்னேன். உங்க மக போட்டு உடைச்சிட்டா!”

வீடியோ காலில் மனைவி சங்கீதா பொரிந்து தள்ளினாள். துபாய் ஜெபல் அலி கேம்ப்பில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சோற்றுக்கு உட்கார்ந்த ஜெயமணி தட்டைத் தள்ளி வைத்தான்.

“என்ன சொன்னா?”

“‘அப்பா கடைக்கெல்லாம் போகாது டீச்சர், போன்லதான் இருக்கும்’னு சொல்லிட்டா. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் உங்க பேரை எழுத மாட்டேங்கிறாங்க.”

ஜெயமணிக்குச் சுர்ரென்று ஏறியது. ரெண்டு வாரமாக ரூமில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். போன கணக்கெடுப்பில் ஆவரங்கோட்டையின் ஜனத்தொகை ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. அப்போது அவன் ஊரில் இருந்தான். அந்த நாற்பத்தாறில் அவனும் ஒரு ஆள். இந்தத் தடவையும் விடுவதாக இல்லை.

பக்கத்துக் கட்டிலில் மதுரைக்கார அருள்ராஜ் சிரித்தான்.

“விடு மாப்ள. உங்க ஊரு மொத்த ஜனமும் காலைல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற கூட்டம். அதுல ஒண்ணு குறைஞ்சா என்ன?”

“தாலுகா தலைநகரம்டா அது! கிழக்க பெரிய கண்மாய், மேக்க கரடு, நடுவுல தாலுகா ஆபீஸ், கோர்ட்டு, சப்-ஜெயில். சுத்தி அறுபத்தெட்டு கிராமத்துக்காரன் பட்டா வேணும்னா எங்க ஊருக்குத்தான் வரணும்.”

“ஜெயிலுக்கும் அங்கதான் வரணுமா?”

ஜெயமணி அவனைக் கண்டுகொள்ளவில்லை. “சங்கீதா, போனை அந்தம்மாகிட்ட குடு” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால்தான் அவனுக்கு ஆறும்.

திரையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, கழுத்தில் அடையாள அட்டை. நீலா என்று எழுதியிருந்தது.

“வணக்கம்ண்ணே. கணக்கெடுக்கிற நாள் பூராவும் ஊர்ல இல்லாதவங்க பேரை எழுதக் கூடாது. அதான் ரூல்.”

“ரூலா? அந்த வீட்டு நிலை நான் லீவுல வந்தப்ப நின்னு வெச்சது டீச்சர். ரேஷன் கார்டுல நான் இருக்கேன். கோயில் கல்வெட்டுல இருக்கேன். உங்க கணக்குல மட்டும் இல்லையா?”

“இல்லண்ணே.”

அவள் அசராமல் சொன்னதுதான் அவனை இன்னும் கிளப்பிவிட்டது.

“சரி, எங்க தெருவுல இருபத்தாறு வீடு. எத்தனை ஆம்பளையை எழுதினீங்க?”

நீலா கொஞ்சம் யோசித்தாள். “வயசானவங்க, சின்னப் பசங்களைத் தள்ளிட்டா, ஒன்பது பேர்.”

“மிச்சம் பேரெல்லாம் செத்தா போயிட்டோம்? கேளுங்க டீச்சர். இங்க பதினாலு வருஷமா நான் ஒரு பேட்ஜ் நம்பர். இந்த நாட்டுக் கணக்குல வெளியூர்க்காரன். விசா முடிஞ்சா கலாஸ், முடிஞ்சது கிளம்புன்னுடுவான். சொந்த ஊர்க் கணக்குலயும் இல்லேன்னா நான் எங்கதான் இருக்கேன்? நீங்களே சொல்லுங்க!”

அருள்ராஜ் கூட எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

“எனக்குப் புரியுதுண்ணே. ஆனா எழுத முடியாது.”

“ஒரு பேரு எழுதினா குடியா முழுகிடும்? யாரு வந்து பார்க்கப் போறா?”

“யாரும் பார்க்க மாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

“பொய்க் கணக்கு எழுத மாட்டேண்ணே.”

ஜெயமணிக்குப் பொறுமை போய்விட்டது. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினான்.

“எழுத மாட்டீங்க! ஏன் எழுதப் போறீங்க? உங்க வீட்டுக்காரர் சாயங்காலமானா ஆபீஸ் விட்டு வந்து சுடுசோறு திங்கறாருல்ல? அவரு பேரை முத ஆளா எழுதியிருப்பீங்க. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத்தானே தெரியும்!”

“ஏங்க, சும்மா இருங்க!” என்று சங்கீதா பின்னாலிருந்து அதட்டினாள்.

நீலா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“கத்தி முடிச்சிட்டீங்களா?”

நீலாவே தொடர்ந்தாள்.

“நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. கண்மாய்க்கரைத் தெரு. அந்தத் தெருவும் என் கணக்குலதான் வருது. அதனால முதல்ல எடுத்ததே எங்க வீட்டைத்தான். எங்க வீட்டுக்காரர் சவுதியில, அல் கோபார்ல வெல்டர். ஏழு வருஷமாச்சு. ‘என் மகன் பேரை எழுதுடி, எழுதுற கை உன் கைதானே’ன்னு எங்க மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் எழுதல. மூணு நாளா அவங்க எங்கிட்டப் பேசறதில்ல, நான் போட்ட சோத்தைத் தொடறதில்ல.”

நீலா அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, அதே அசராத குரலில் கேட்டாள்.

“இப்ப உங்க பேரை எழுதிட்டு, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுண்ணே எங்க வீட்டுக்குள்ள நுழையறது?”