மணிக்கூண்டுச் சுவர்

பொருட்காட்சித் திடலின் நுழைவு வளைவை முடித்துவிட்டு மரியபுஷ்பம் மணிக்கூண்டுக்கு வந்திருந்தாள். பழைய கட்டடங்களின் சுவரில் படிந்து கிடக்கும் குரல்களைக் கருவி வைத்து உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. மணிக்கூண்டின் அடியில்தான், தொலைந்த குழந்தைகளை மைக்கில் அறிவிக்கும் அறை இருந்தது. ஐந்து வயதில் அவளும் அங்கே உட்கார்ந்திருந்தவள்தான். தேடி ஒருத்தரும் வரவில்லை என்று சொல்லித்தான் விடுதியில் வளர்த்தார்கள்.

சுண்ணாம்புச் சுவரில் கருவியை ஒட்டினாள். அறிவிப்பாளரின் குரல் கசிந்தது.

“பச்சைப் பாவாடை கட்டின பொண்ணு, இடது கையில ஆறு விரல். பெத்தவங்க உடனே வாங்க.”

அவள் இடது கையை மடக்கிக்கொண்டாள்.

யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம். “அப்பா!” என்று ஒரு குழந்தை வீரிட்டது.

“நல்லாப் பாருங்கய்யா, அப்பாங்குதே” என்றார் அறிவிப்பாளர்.

வந்தவரின் செருப்புச் சத்தம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

“யாரு புள்ளயோ இது. எம்புள்ளைக்கு அஞ்சு வெரலுதாங்க.”

வெளியே சாரத்தில் நின்ற கொத்தனார் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஏதாச்சும் கெடைச்சுதா?”

“ஒண்ணுமில்லண்ணே, வெறும் இரைச்சல்.”

அந்தப் பதிவை அழித்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் நினைவு தெரிந்து அப்பாவின் குரலை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. கருவியில் காதை வைத்துக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டாள்.