உத்தரத்து எண்

"நம்பர் கெடைச்சா மியூசியம், கெடைக்கலேன்னா விறகு. அவ்வளவுதான் சுரண்டி!"

சொல்லிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார். பழைய பெயிண்டை மரத்துக்கு வலிக்காமல் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் அந்தப் படகுப் பட்டறையில் அவள் பெயரே சுரண்டி என்றாகிவிட்டது.

வந்திருந்தது ஒரு கிழட்டுப் பாய்மரப் படகு. சொந்தக்காரர் போன மாதம் இறந்துவிட, "மியூசியம் எடுத்துக்கிட்டா குடுத்துடுங்க" என்று அவர் மனைவி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். பெயர், நிறம், உள்ளறை எல்லாமே மாற்றப்பட்டிருந்ததால் அதன் பூர்வீகம் ஒருவருக்கும் தெரியவில்லை. பூர்வீகம் தெரியாத படகை மியூசியம் சீந்தாது. ஆனால் முதன்முதலில் பதிவு செய்யும்போது நடு உத்தரத்தில் உளியால் ஓர் எண் வெட்டுவார்கள். அதை மாற்ற முடியாது, மறைக்கத்தான் முடியும்.

யாரோ நன்றாகவே மறைத்திருந்தார்கள். ஒன்பது பூச்சு பெயிண்ட், அதற்கடியில் வெட்டின பள்ளத்தை அடைத்துக் கல்லாய் இறுகிய பட்டி. மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. நான்கு. ஒன்று. ஏழு. அதோடு அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டாள். மீதி இரண்டைச் சுரண்டாமலே அவளால் சொல்ல முடியும்.

துறைமுகத்தில், கடலில் போனவர்களுக்காக நட்ட கல்லில், அப்பாவின் பெயருக்குக் கீழே இருக்கும் படகு எண் அது. அவள் எண் படிக்கக் கற்றதே அந்தக் கல்லில்தான். முப்பத்தோரு வருடத்துக்கு முன் தனியாகக் கிளம்பி, புயலில் படகோடு மூழ்கிப்போன அப்பா.

மூழ்கவே இல்லை. வேறு ஊர், வேறு பெயர், வேறு மனைவி என்று போன மாதம்வரை உயிரோடுதான் இருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

"என்ன, கெடைச்சுதா?" மேஸ்திரி திரும்பி வந்திருந்தார்.

அவள் கந்தல் துணியை உத்தரத்தின்மேல் போட்டாள். "இன்னும் இல்ல மேஸ்திரி. நாளைக்குப் பாப்போம்."

சொன்னால் பேப்பரில் போடுவார்கள். அந்தக் கல்லுக்கு வாராவாரம் பூ வைக்கிற அம்மா அதைப் படிப்பாள். இந்த வயதில் தாங்குவாளா? படகு விறகாகவே போகட்டும், காலையில் முதல் வேலையாகப் பட்டி அடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறே?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை ஜாஸ்தி."

அம்மா நிமிரவில்லை. "நடு உத்தரத்தைச் சுரண்டிட்டியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு... எப்படிம்மா தெரியும்?"

"உங்கப்பா சாகலைன்னு உனக்குப் பத்து வயசு இருக்கும்போதே தெரியும். அந்த ஊருக்கே போய், அவரையும் அவர் கட்டிக்கிட்ட அந்தம்மாவையும் கண்ணால பாத்துட்டும் வந்தேன். ஓடிப்போனவர் மகள்னு நாலு பேர் பேசறதைவிட, கடல் கொண்டுபோனவர் மகளாவே நீ வளரணும்னு வாயைக் கட்டிக்கிட்டேன்."

"அப்ப அந்தக் கல்லு, பூவு?"

"எல்லாம் உனக்காகத்தான்."

"இருபத்தஞ்சு வருஷம்மா!" அவள் வெடித்தாள். "ஒரு தடவை போய்ச் சட்டையைப் பிடிச்சு, ஏன்ப்பா போனேன்னு கேட்டிருப்பேனே! இப்ப யார்கிட்ட கேப்பேன்?"

அம்மா மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வார்த்தை வரல. அவர் போனப்புறம், படகை என்ன பண்றதுன்னு அந்தம்மா எனக்கு லெட்டர் போட்டா. எம்மக சுரண்டற பட்டறைக்கு அனுப்புன்னு நான்தான் பதில் எழுதினேன்."