மூடி திறக்காத கேன்

தனுஷ்கோடிக்கு அப்பால் ஐந்தாம் மணல் திட்டில் வைத்த தண்ணீர் கேன்கள் எதுவும் திறக்கப்படவில்லை என்று மூன்று நாளாக போன் காட்டியது. கடல் கடந்து யாரும் வந்து மாட்டிக்கொள்ளவில்லை என்று பிலோமினா நிம்மதியாக இருந்தாள்.

அகதிகளுக்குத் தண்ணீர் வைக்க அவளுடைய குழுவுக்கு ஒரே நிபந்தனையில்தான் அனுமதி கிடைத்திருந்தது. மூடியில் சென்சார் இருக்கும்; திறந்தால் அவளுடைய போனுக்குத் தகவல் வரும், காவல் ட்ரோனும் வந்துவிடும். பிடிபட்டாலும் உயிராவது மிஞ்சுமே என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கேன்களில் சிவப்புப் பெயின்ட்டால் 'பயப்படாமல் குடியுங்கள்' என்று எழுதியவளும் அவள்தான்.

இன்று படகை விட்டு இறங்கியபோது, ஒரு கேனை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு வயதுப் பையன் விறைத்துக் கிடந்தான்.

"ஐயோ, தண்ணி பக்கத்துலயே இருக்கேம்மா!"

"திறந்தா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு எங்கட சனத்துக்குத் தெரியும், அக்கா. வள்ளம் வந்து ஏத்தும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம்."

வெடித்த உதடுகளோடு அவள் அந்தச் சிவப்பு எழுத்தைத் தடவினாள்.

"இதை எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டினவன் இவன்தான். மூடியில கையும் வைச்சவன். நான்தான் தட்டிவிட்டனான்."